பிவா ஏரித் தீவில் திரை விலகக் காத்திருந்த பிற்பகல்

சாமி வீட்டில் இருக்கிறதா என்று விசாரிக்காமல், ஒரு பஸ் நிறையச் சனத்தை மொன்ட்ரியாலிலிருந்து ஜப்பானுக்குக் கூட்டிக்கொண்டு போனவன் நான். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. எப்படியும் மொன்ட்ரியாலுக்குப் பக்கத்து லவாலில் நடக்கும் ஏதாவது ஒரு கலியாண வீட்டுச் சாப்பாட்டு மேசையில் யாராவது உங்களுக்குச் சொல்லத்தான் போகிறார்கள். அவர்கள் சொல்லும் கதையில் நான் அழுததாகவும் வரும். நான் அழவில்லை. படி ஏறிய களைப்பில் வியர்த்திருந்தது. அதில் கொஞ்சம் கண் வழியாகவும் வந்தது. அவ்வளவுதான்.

இதை எழுதித் தரச் சொல்லிக் கேட்டது நிரோஷா. லவாலில் பயண முகவர் நிலையம் நடத்துகிற பிள்ளை. போன மாதம் என்னைத் தன் அலுவலகத்துக்கு அழைத்துத் தேநீர் தந்துவிட்டு, முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு இருந்தாள்.

"அங்கிள், இப்ப சனம் வரேக்கையே போனில எல்லாத்தையும் போட்டுக்கொண்டு வருகினம். எத்தினை மணிக்கு எங்க நிக்கிறது, எங்க படம் எடுக்கிறது எண்டு மெஷினே எழுதிக் குடுக்குது. பேந்து எங்களுக்கு என்ன வேலை?"

"மெஷின் பிழை விட்டால் ஆரைப் பேசுகினம்?"

"எங்களைத்தான்."

"அதுதான் பிள்ளை வேலை."

அவள் சிரிக்கவில்லை. உங்கள் அனுபவத்தை எழுதித் தாருங்கள், என் ஸ்டாஃபுக்கு வாசிக்கக் கொடுக்கிறேன் என்றாள். ஓய்வு பெற்றவனிடம் அனுபவம் கேட்பது, குளிருக்குள் நிற்பவனை உள்ளே வா என்பது போல. இரண்டாம் தடவை கேட்கவேண்டிய தேவையில்லை.

பயிற்சி என்று பெரிதாக ஒன்றும் இல்லை. மற்ற எல்லோரையும் போல அகதியாக வந்தேன். மொன்ட்ரியாலில் கோட்-டெ-நெய்ஜ் பகுதியில் ஒரு சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவினேன். மாலையில் பிரெஞ்சு வகுப்பில் போன்ஜூருக்கு அடுத்த சொல்லைத் தேடினேன். ஊருக்குப் போகும் ஒருவருக்கு ரிக்கற் எடுக்க, மொழிபெயர்ப்பாளனாக அதே தெருவில் இருந்த பயண முகவர் நிலையத்துக்குப் போனேன். அடுத்த கிழமை இன்னொருவருக்காகப் போனேன். மூன்றாம் தடவை போனபோது, கடையின் சொந்தக்காரி மதாம் ஜினெட் மூக்குக்கண்ணாடிக்கு மேலால் பார்த்துவிட்டு, "நீங்கள் அந்தப் பக்கம் இருந்து கதைப்பதைவிட இந்தப் பக்கம் இருந்து கதைத்தால் எல்லோருக்கும் வசதி" என்றார். இப்படித்தான் மேசையின் மறுபக்கம் போய்ச் சேர்ந்தேன். கடை மூடும்வரை அங்கேயே இருந்தேன். இப்போது அந்த இடத்தில் ஏதோ உருண்டை போட்ட தேநீர் விற்கிறார்கள்.

மதாம் ஜினெட்டைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்லவேண்டும். உலகத்தில் உள்ள நாடுகளுக்கெல்லாம் ஆட்களை அனுப்பிய அந்த மனுஷிக்கு விமானம் என்றால் பயம். வருடத்துக்கு ஒருமுறை காரில் கடற்கரைக்குப் போய் வருவதோடு அவருடைய உலகச் சுற்றுலா முடிந்துவிடும். அதனாலேயே அவர் தொழிலில் கெட்டிக்காரி என்று நினைக்கிறேன். போகாதவளுக்குத்தானே எல்லாவற்றையும் கேட்கவேண்டியிருக்கிறது.

அவருடைய கடையில் ஒரு நடைமுறை இருந்தது. புதிய சுற்றுலா எதையும் வாடிக்கையாளருக்கு விற்கமுன், அதை அவருக்கு 'நடத்திக் காட்ட' வேண்டும். அவர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, கைகளை மடியில் வைத்து, கண்களை மூடிக்கொள்வார். நீங்கள் எதிரே இருந்து அவரை வாயாலேயே அழைத்துப் போகவேண்டும். பஸ்ஸிலிருந்து இறக்கவேண்டும். எந்தப் பக்கம் திரும்புவது, தரை கல்லா புல்லா, வெயில் முகத்தில் அடிக்குமா முதுகிலா என்று சொல்லவேண்டும். அடுத்த காலை எங்கே வைப்பது என்று தெரியாமல் போனால் சுட்டுவிரலை உயர்த்துவார். கண் திறக்காது. விரல் மட்டும். நீங்கள் அந்த இடத்துக்குத் திரும்பிப் போய் மறுபடி தொடங்கவேண்டும்.

'அழகான' என்ற சொல்லுக்கு அங்கே தடை. "அழகு ஒரு தகவல் அல்ல, மிஸ்யூ சிவா" என்பார். அவருக்கு வேண்டியது மூன்று விசயம்: எங்கே உட்காரலாம், எங்கே கழிவறை, மழை பெய்தால் எங்கே ஒதுங்கலாம். இந்த மூன்றும் தெரிந்த மனிதன் எந்த இடத்தையும் தானாகவே அழகாகப் பார்த்துக்கொள்வான் என்பது அவருடைய சித்தாந்தம். கெட்ட செய்தி சொல்வதற்கும் ஒரு முறை வைத்திருந்தார். நின்றுகொண்டு சொல்லவேண்டும், ஒரே தடவை சொல்லவேண்டும், சொன்னபிறகு வாயை மூடவேண்டும். "எல்லோரும் முதல் இரண்டையும் செய்கிறார்கள்" என்பார்.

இனி யோகம் அக்கா. பக்கத்து ஆஸ்பத்திரியில் நோயாளரைத் தூக்கி, துடைத்து, திருப்பிப் படுக்கவைக்கிற வேலை. ஒரு நாள் வேலை முடிந்து, ஆஸ்பத்திரி உடுப்புக்கு மேலே குளிர்ச்சட்டையைப் போட்டுக்கொண்டு கடைக்குள் வந்தார். வழக்கம்போலக் கொழும்பு ரிக்கற்தான் என்று நினைத்து நானும் கீபோர்ட்டில் கை வைத்தேன்.

"தம்பி, ஜப்பானில ஒரு ஏரி இருக்காம். நடுவில தீவாம். அதில சரஸ்வதி இருக்கிறாவாம். உண்மையே?"

உண்மை. பிவா என்ற அந்தப் பெரிய ஏரியின் வடக்கே ஒரு சிறு தீவு. அங்கே பென்சாய்தென் என்ற பெயரில் இருப்பவள் நம்முடைய சரஸ்வதிதான். பௌத்தத்தோடு கூடச் சேர்ந்து கப்பலேறிப் போனவள். ஏரியே அவளுடைய வீணை மாதிரியான வாத்தியத்தின் வடிவம் என்று சொல்வார்கள். இதையெல்லாம் நான் புத்தகங்களில் வாசித்திருந்தேன். வாசித்ததைச் சொல்வதற்கு ஒருவர் கிடைத்தால் நான் விடுகிற ஆள் இல்லை. அரை மணித்தியாலம் பேசினேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"பட்டுச் சாத்த விடுவினமோ?" என்றார் கடைசியில்.

அப்போதுதான் விசயம் வெளியே வந்தது. ஊரில் யுத்தம் மூண்ட தொண்ணூறாம் ஆண்டு, இராணுவ விமானத்தளத்துக்குப் பக்கத்து ஊரிலிருந்து மூன்று பிள்ளைகளோடு ஓடியபோது, கடற்கரை அம்மன் கோயில் வாசலில் நின்று நேர்ந்திருக்கிறார். மூன்றையும் உயிரோடு கொண்டுபோய்ச் சேர்த்தால் பட்டுச் சாத்துவேன் என்று. மூன்றும் சேர்ந்துவிட்டன, ஒன்று லவாலில் பல் பிடுங்குகிறது. ஆனால் ஊரும் கோயிலும் இராணுவ வேலிக்குள் போய்விட்டன. சமாதானம் என்றார்கள், யுத்தம் முடிந்தது என்றார்கள். இரண்டு தடவை பட்டோடு போய், வேலிக்கு இந்தப் பக்கம் நின்றுவிட்டுத் திரும்பியிருக்கிறார்.

"இங்க மொன்ட்ரியால் கோயில்ல சாத்தலாமே அக்கா?"

"ஐயரும் அதைத்தான் சொன்னவர். எல்லாம் அவள்தானாம். சரி, எல்லாம் அவள்தான். ஆனா தம்பி, எங்கட ஆள் தண்ணியைப் பாத்துக்கொண்டு இருக்கிறவ. வாசல்ல நிண்டால் அலைச் சத்தம் கேக்கும். இங்க உள்ளவ பஸ்ஸையெல்லே பாத்துக்கொண்டு இருக்கிறா."

அவருக்காகவே அந்தச் சுற்றுலாவைக் கட்டினேன் என்று சொன்னால் பொய். ஆனால் அவர் இல்லாவிட்டால் கட்டியிருக்கமாட்டேன். நம் சனத்தில் ஒருவர் போகிறார் என்றால் போதும். மொன்ட்ரியால்-நோரிலிருந்து முருகேசு மாஸ்டரும் மனைவியும் வந்தார்கள், அவர்களைப் பார்த்து இன்னும் பலர், மன்னார்க் கத்தோலிக்கர் இரண்டு குடும்பம்கூட.

மதாமுக்கு நடத்திக் காட்டினேன். பிவாவின் மேற்குக் கரை வழியாக பஸ்ஸில் அழைத்துப் போனேன். ஏரிக்குள்ளே கால் நனைய நிற்கும் சிவப்புத் தோரண வாசலைக் காட்டினேன். படகில் ஏற்றினேன், தீவில் இறக்கினேன். செங்குத்தான கல் படிகள். எங்கே நின்று மூச்சு வாங்கலாம் என்றும் சொன்னேன். மண்டபத்துக்குள் கொண்டுபோனேன். விரல் உயர்ந்தது.

"என்ன பார்க்கிறேன்?"

"சரஸ்வதியை. கையில் வாத்தியத்தோடு."

விரல் இறங்கியது. இணையத்தில் எங்கேயோ பார்த்த படத்தை நம்பி அதைச் சொன்னேன். அந்தப் படம் வேறு எந்தக் கோயிலிலோ எடுத்தது என்று பிறகுதான் தெரிந்தது. உட்கார இடம், கழிவறை, ஒதுங்க இடம் எல்லாம் விசாரித்தவன், போகிற வீட்டுக்காரி இருக்கிறாளா என்பதை விசாரிக்கவில்லை. கோயில் என்றால் சாமி இருக்கும், பூசை நேரத்தில் கதவு திறக்கும். இதில் விசாரிக்க என்ன இருக்கிறது?

கொரோனாவுக்கு முந்திய ஒரு வசந்தத்தில் போனோம். அந்த ஏரியை எப்படிச் சொல்வது? தடை செய்யப்பட்ட சொல்லைத் தவிர வேறு சொல் வரமாட்டேன் என்கிறது. தண்ணீர் சாம்பலும் இல்லை, நீலமும் இல்லை. அக்கரை மலைகள் ஒன்றின் பின் ஒன்றாக மங்கிக்கொண்டு போயின. கடைசி மலை, மலையா மேகமா என்று தீர்மானிக்கமுன் பஸ் திரும்பிவிட்டது. தோரண வாசலுக்கு முன்னால் எல்லோரும் ஒரே இடத்தில் நின்று படம் எடுக்கச் சண்டை பிடித்தார்கள். யோகம் அக்கா மட்டும் கரையில் குந்தியிருந்து, தண்ணீரைக் கையில் அள்ளி நாக்கில் வைத்துப் பார்த்தார்.

"உப்பில்லை" என்றார், யாரோ ஏமாற்றிவிட்ட மாதிரி.

தீவில் இறங்கியபோது பிற்பகல். எங்களோடு வந்த உள்ளூர் வழிகாட்டி ஹருகோ சான் படகுத்துறையிலேயே நின்று, திரும்பும் படகுதான் கடைசிப் படகு என்று இரண்டு தடவை சொன்னார். ஜப்பானியர் ஒன்றை இரண்டு தடவை சொன்னால் அது கெஞ்சல் என்று எனக்குத் தெரியும். அனுமதிச்சீட்டு அலுவலை முடிக்க அவர் கீழே நிற்க, நாங்கள் ஏறினோம்.

மண்டபத்துக்குள் ஊதுபத்தி வாசம். முன்னுக்குச் சின்னதாக ஒரு சிலை. அதன் பின்னால், இருட்டில், பொன் வேலைப்பாடு செய்த மூடிய கதவு. முருகேசு மாஸ்டர் ஒரே பார்வையில் நிலைமையைப் பிடித்துக்கொண்டார். ஊரில் கணக்குப் படிப்பித்தவர், எதையும் பிடித்துக்கொள்வார்.

"முன்னுக்கு நிக்கிறது உற்சவர். மூலவர் உள்ளுக்கு. திரை போட்டிருக்கினம், அலங்காரம் நடக்குது. எல்லாரும் இருங்கோ."

எல்லோரும் இருந்தோம். இதில் யாருக்கும் ஒரு சந்தேகமும் வரவில்லை. திரைக்கு முன்னால் காத்திருப்பது எங்களுக்குப் பிறந்த நாள் முதல் தெரிந்த வேலை. உள்ளே பூமாலை சரசரக்கும், விளக்கு அசையும், மணி அடிக்கும், சட்டென்று திரை விலகும். அந்த ஒரு நொடிக்காகக் கால் மரத்துப்போக நிற்போம். மாஸ்டர் தொண்டையைச் செருமிப் பாடத் தொடங்கினார். பெண்கள் சேர்ந்துகொண்டார்கள். மன்னார் ஆட்களும் மரியாதைக்குக் கை கட்டி நின்றார்கள். கும்பிட வந்த சில ஜப்பானியர் எங்களைப் பார்த்துவிட்டு, தாங்களும் சத்தமில்லாமல் பின்னால் வந்து உட்கார்ந்தார்கள். அந்தக் கதவு திறக்காது என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்கும். எங்களுடைய நம்பிக்கையைப் பார்த்து அவர்களுக்கே சந்தேகம் வந்திருக்கவேண்டும்.

யோகம் அக்கா முன்வரிசையில், மடியில் ஒரு மருந்துக்கடைப் பையோடு இருந்தார். பட்டு அதற்குள்தான் இருந்தது.

மூச்சு வாங்க மேலே வந்த ஹருகோ சான் என் சட்டைக் கையைத் தொட்டார்.

"சிவா சான், இவர்கள் எதற்குக் காத்திருக்கிறார்கள்?"

"கதவு திறக்க."

அவர் பல்லிடுக்கால் காற்றை உள்ளே இழுத்தார். இல்லை என்று சொல்ல விரும்பாத ஜப்பானியர் செய்கிற காரியம். பிறகு மெதுவாகச் சொன்னார். அது மறைவாக வைத்திருக்கும் தெய்வம். அறுபது வருடத்துக்கு ஒருமுறைதான் கதவு திறக்கும். அடுத்தது எப்போது என்றும் சொன்னார். மனதுக்குள் அந்த ஆண்டில் என் வயதைக் கூட்டிப் பார்த்தேன்; பிறகு யோகம் அக்காவின் வயதை. பிறகு கூட்டுவதை நிறுத்திவிட்டேன்.

உடனே சொல்லவில்லை. மாஸ்டரின் பாட்டு முடியட்டும் என்று இருந்தேன். அவர் முடித்துவிட்டு அடுத்த பாட்டைத் தொடங்கினார். வாழ்க்கையில் முதல் தடவையாக அவர் இன்னும் இரண்டு பாட்டுப் பாடினால் நல்லது என்று நினைத்தேன். பிறகு மதாமின் முறை நினைவுக்கு வந்தது. எழுந்து நின்றேன். கதவு இன்றைக்குத் திறக்காது, அறுபது வருடத்துக்கு ஒருமுறைதான் திறக்கும், நான் விசாரிக்காமல் விட்டது என் பிழை என்று ஒரே தடவை சொன்னேன். வாயை மூடினேன்.

"அப்ப நான் இவ்வளவு நேரமும் ஆருக்குப் பாடினனான்?" என்றார் மாஸ்டர்.

"கதவுக்கு" என்றார் அவர் மனைவி.

"கதவு பாக்கவே இவ்வளவு தூரம்? எங்கட அபார்ட்மென்டில லிஃப்ட் கதவு மாசக்கணக்காப் பூட்டியிருக்கு, அதைப் பாத்திருக்கலாம்" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

சிரிப்பு வந்தது. ஆனால் யோகம் அக்கா இருந்த வரிசைக்கு வந்ததும் நின்றுவிட்டது. அவர் திரும்பவே இல்லை. சனம் ஒவ்வொருவராக வெளியேறிக் கீழே போய், அங்கே வேண்டுதலுக்கென்று விற்கும் மண் தட்டில் பெயர் எழுதித் தண்ணீர்ப் பக்கமிருந்த தோரண வாசலுக்குள் எறிந்து விளையாடினார்கள். மாஸ்டரின் தட்டு ஒரு பைன் மரத்தில் பட்டு உடைந்த சத்தம் மேலே கேட்டது.

நான் யோகம் அக்காவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். ஹருகோ சான் ஒரு வயதான துறவியை அழைத்து வந்து விசயத்தைச் சொன்னார். துறவி சொன்னதை அவர் எனக்கு விளக்கினார்: பட்டைக் கதவுக்கு முன்னால் வைக்கலாம், மாலைப் பிரார்த்தனையில் அவர்கள் படைப்பார்கள், பிறகு பத்திரமாக வைத்திருப்பார்கள். நான் தமிழில் சொன்னேன். அக்கா அதைக் கேட்டதாகவே தெரியவில்லை.

"எப்ப திறக்கிறது எண்டவை?"

ஆண்டைச் சொன்னேன்.

"அது ஆர் சொன்னது?"

"அவைதான் அக்கா. முன்னமே தீர்மானிச்சு வைச்சிருக்கினம்."

"திகதி சொல்லித்தான் பூட்டி இருக்கினமோ?"

"ஓம்."

கதவைப் பார்த்துக்கொண்டே இருந்தார். ஊதுபத்திப் புகை அதன் பொன் விளிம்பில் தட்டி மேலே போனது.

"அங்க எத்தினை தரம் கேட்டிருப்பன். அந்தப் பொடியன் ஆமிக்காரன், என்ர கடைசியின்ர வயசுதான் இருக்கும், பாதை மூடியிருக்கு அம்மா எண்டான். எப்ப வரைக்கும் எண்டன். தெரியாது எண்டான். பெரியவங்களைக் கேட்டன், அவங்களுக்கும் தெரியாது. இது பரவாயில்லை தம்பி. இது வேறை பூட்டு."

பையைத் திறந்தார். வெள்ளைப் பட்டு, அரக்குக் கரை. மடித்த மடிப்பில் கோடு விழுந்திருந்தது. துறவிக்குக் காட்டினார், கையில் கொடுக்கவில்லை.

"வைக்கேல்லை எண்டு சொல்லுங்கோ. கோவிக்க வேண்டாம் எண்டும் சொல்லுங்கோ. நான் நேந்தது உடுத்திவிடுறதுக்கு. முன்னுக்கு வைச்சிட்டு வாறதுக்கில்லை."

ஹருகோ சான் மொழிபெயர்த்தார். துறவி கதவுக்கு வணங்குகிற அதே அளவு குனிந்து, அந்தப் பட்டுக்கு வணங்கினார். கீழே படகின் சங்கு ஊதியது. கடைசிப் படகை நிறுத்திவைக்கப் படியில் நான்தான் முன்னால் ஓடினேன். யோகம் அக்கா கடைசியாக, ஒருவரும் அவசரப்படுத்தாத ஆள் மாதிரி இறங்கி வந்தார். படகின் பின்பக்க வாங்கில் உட்கார்ந்து, தீவு சிறுத்துச் சிறுத்து அந்தச் சாம்பல் நீலத்துக்குள் ஒரு பச்சைப் புள்ளியாகும்வரை பார்த்துக்கொண்டு வந்தார். அவருக்குப் பக்கத்தில் யாரும் போய் இருக்கவில்லை. நானும் போகவில்லை. அந்த வாங்கில் போய் உட்கார்ந்திருக்கலாம் என்று இன்றுவரை ஒரு ஏக்கம் இருக்கிறது. என்ன கதைத்திருப்பேன் என்று கேட்டால் தெரியாது.

திரும்பி வந்து மதாமிடம் நடந்ததைச் சொன்னேன். வேலை போய்விடும் என்று நினைத்தேன். அவர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து கண்ணை மூடினார். "மறுபடி நடத்துங்கள்" என்றார். படகில் ஏற்றினேன், படி ஏற்றினேன், மண்டபத்துக்குள் கொண்டுபோய் நிறுத்தினேன்.

"என்ன பார்க்கிறேன்?"

"மூடிய கதவை."

"எப்படிப்பட்ட கதவு?"

சொன்னேன். மரத்தின் நிறம், பொன் பூக்கள் தேய்ந்திருந்த இடம், கீழ் விளிம்பில் படிந்த புகைக் கரி, இரண்டு கதவும் சேரும் இடத்தில் மெல்லிய கறுப்புக் கோடு. இவ்வளவையும் பார்த்தேன் என்று எனக்கே தெரியாது. விரல் உயரவில்லை. நான் முடித்த பிறகும் அவர் கண்ணைத் திறக்கவில்லை. வாடிக்கையாளர் ஒருவர் உள்ளே வந்து மணி அடித்தபிறகுதான் திறந்தார். அதற்குப் பிறகு மூன்று கேள்வி நான்கானது: கதவு திறந்திருக்குமா? மதாம் இப்போது இல்லை. அந்த நான்காம் கேள்வியைத்தான் நிரோஷாவின் ஆட்கள் இந்தக் கட்டுரையிலிருந்து எடுத்துக்கொள்ளவேண்டும். மீதி என் புலம்பல்.

ஏரியை நான் மறுபடி பார்க்கவில்லை. ஆனால் தை மாதக் குளிரில் கோட்-டெ-நெய்ஜில் பஸ்ஸுக்கு நிற்கும்போது, எதிர்த் தெரு பனியில் மங்கினால், அந்தக் கடைசி மலை நினைவுக்கு வரும். நான் ஆயிரம் இடங்களுக்கு ஆள் அனுப்பியவன். எனக்குத் திரும்பப் போகவேண்டும் என்று இருப்பது அந்த ஒரு இடத்துக்கு, அதுவும் கதவு மூடியிருந்த மண்டபத்துக்கு.

போன கிழமை அதே தரிப்பிடத்தில் யோகம் அக்காவைக் கண்டேன். வேலையை விட்டுவிட்டாராம். அண்மையில் ஊருக்குப் போய் வந்திருக்கிறார். வேலியைக் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளியிருக்கிறார்களாம். கோயில் மட்டும் இன்னும் உள்ளே. மரங்களுக்கு மேலால் கோபுரத்தின் நுனி தெரிகிறதாம். பட்டு அலுமாரியில் இருக்கிறது. பூச்சி அரிக்காமல் வருடத்துக்கு ஒருமுறை எடுத்து நிழலில் காயவிடுகிறாராம்.

"அக்கா, ஜப்பானில திறக்கேக்கை நாங்கள் ரெண்டு பேரும் கட்டாயம் போவம். நானே கூட்டிக்கொண்டு போறன்" என்றேன். மனப்பூர்வமாகச் சொன்னேன்.

அவர் பஸ் வருகிறதா என்று எட்டிப் பார்த்தார்.

"ஓம் தம்பி, போவம். ஆனா இந்தமுறை நல்லா விசாரிச்சுக் கூட்டிக்கொண்டு போற ஒரு ஏஜென்டாப் பாத்துப் பிடிப்பம்."